கை ஆடிய படங்கள்

நான் எடுத்த படத்தில் கொக்குக்கு இரண்டு அலகுகள் இருந்தன. வாய்க்காலில் நின்ற கொக்கோ அசையவேயில்லை. அப்படியானால் கமராதான் பிழை, விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று அன்றே முடிவுகட்டினேன். அது என் நோயின் முதல் அறிகுறி என்று தெரிய மூன்று மாதங்கள் எடுத்தன.

தர்மபுரத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மகள் படிப்புக்காக வவுனியாவுக்குப் போன பிறகு பின்னேரங்கள் நீண்டுவிட்டன. அதிகம் செலவில்லாத பொழுதுபோக்கு ஒன்று வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் படச்சுருள் வாங்கத் தேவையில்லை. பிடிக்காத படத்தை அழித்துவிடலாம். சைக்கிளில் போகிற தூரத்திலேயே குளமும் பறவைகளும் இருந்தன. கிளிநொச்சியில் போன் திருத்தும் கடையொன்றில், யாரோ பாவித்து விட்ட சின்னக் கமராவை வாங்கினேன்.

முதல் சில வாரங்கள் படங்கள் நன்றாகவே வந்தன. பிறகு எல்லாம் கலங்கத் தொடங்கின. கமராவை இரண்டு தடவை கடைக்குக் கொண்டுபோனேன். இரண்டாம் தடவை கடைக்காரர் அதை மேசையில் வைத்து, கையால் பிடிக்காமலே எதிர்ச்சுவரில் தொங்கிய கலண்டரைப் படமெடுத்தார். எழுத்துகள் தெளிவாக விழுந்திருந்தன.

“கமராவில பிழையில்லை அக்கா. உங்கட கைதான் நடுங்குது.”

பழைய சாமானை என் தலையில் கட்டிவிட்டு என் கையைக் குறை சொல்கிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் என் விரல்களைப் பார்த்தார். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை.

முன்னரைவிட அதிகம் சாப்பிட்டும் உடம்பு மெலிந்துகொண்டே போனது. சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைக்கவேண்டியிருந்தது. கதிரையில் சும்மா இருக்கும்போதும் ஓடி வந்தவள்போல நெஞ்சு அடித்தது. வெயில் என்றேன், வயது என்றேன்.

ஒருநாள் குளக்கட்டில் முன்பின் தெரியாத ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, யாருக்காகப் படமெடுக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கமராவோடு நிற்பவரிடம் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் என்னைக் கண்காணிக்கிறார்கள் என்று பயந்து நான் அதன்பிறகு குளத்துக்குப் போகவில்லை. கமராவோடு வீட்டிலேயே இருந்தேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். போன் வந்தால் கணவர் வேப்பமரத்தடிக்குப் போய்த் தாழ்ந்த குரலில் கதைத்தார். நான் வெளியே வந்தால் பேச்சை நிறுத்தினார். வேறொரு பெண் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. குசினி யன்னலுக்குப் பின்னால் நின்று அவரைப் படமெடுக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பின்னேரமும் எடுத்தேன். நாற்பது படங்களுக்கு மேல் சேர்ந்தன. எல்லாமே கலங்கியவை.

ஒரு காலையில் முன்பள்ளியிலேயே மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் இளம் மருத்துவர் ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். அறையில் காற்றில்லை, தாள் படபடத்தது. அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவர் சொன்ன பெயர்: தைரொயிட் மிகைச்சுரப்பு (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி தேவைக்கு மேல் சுரந்து உடம்பை ஓயாமல் விரட்டுவது).

“ஆக்களில கோபம், சந்தேகம் ஏதும் கூடியிருக்கோ அம்மா?”

இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற கணவர் நிலத்தைப் பார்த்தார். இந்த நோய் மனத்தையும் பதறவைக்கும், மருந்தோடு அது குறையும் என்று மருத்துவர் விளங்கப்படுத்தினார். இவர்கள் இருவரும் முன்னமே பேசி வைத்துக்கொண்டார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

கார்பிமசோல் (சுரப்பைக் குறைக்கும் குளிசை) தந்தார்கள். நெஞ்சுத் துடிப்பை அடக்க இன்னொரு குளிசை. இதே மருந்தைத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். காய்ச்சலோ தொண்டைநோவோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பாருங்கள். வெண்குருதிக் கலங்கள் (கிருமியை எதிர்க்கும் இரத்தக் கலங்கள்) சிலருக்குக் குறையலாம். எனக்கு ஒருமுறை தொண்டை நொந்தது, ஓடினேன், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு மாதம் குளிசையின் நிறம் மாறியிருந்தது. மருந்து கொடுப்பவரிடம் அதே மருந்துதானா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு படங்கள் தெளிந்தன. கடைக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சுகமானால் போதும் என்றார் அவர். திரும்பி வரும் வழியில் யன்னலுக்குப் பின்னால் நின்று எடுத்த அந்த நாற்பது சொச்சப் படங்களும் நினைவில் வந்தன.

அழித்திருக்கலாம். அழிக்காமல் கணவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“மகளோடதான் கதைச்சனான். உமக்கு மனசு சுகமில்லையெண்டு பயந்து, ஆரிட்டக் காட்டுறதெண்டு யோசிச்சனாங்கள். நீர் என்னட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பியளோ?”

அவர் கமராவை மேசையில் வைத்தார். “இல்லை,” என்றார்.

அந்தப் பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வேறொரு பெண் இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றிக் கதைத்தது உண்மை. நோய் எதுவரை, நான் எதிலிருந்து என்று பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. இந்த நோய் வந்தால் நீங்களும் முயல்வீர்கள். எல்லாச் சந்தேகத்தையும் நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

இப்போது நாட்கள் ஒரு கிளினிக்கிலிருந்து அடுத்த கிளினிக் வரை போகின்றன. உடம்பை முன்போல் நம்புவதில்லை. அதனிடம் கேட்டுத்தான் நடக்கிறேன். போன கிழமை பக்கத்து வளவுக்காரர் வேலி திருத்தியபோது, புதுக் கட்டைகள் எங்கள் பக்கம் தள்ளி நிற்பதாக எனக்குப் பட்டது. உள்ளே போய்க் கதிரையில் இருந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணினேன். எழுபத்திரண்டு. நெஞ்சு அமைதியாகத்தான் அடித்தது.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.