கவிழ்ந்து கிடந்த லாரியும் கடைசி வண்டியும்

இத்தனை வருடம் மீன் லோடு ஓட்டியதில் என் பெயரில் ஒரு விபத்துகூட இல்லை. சமீபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நான்கு லாரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவதற்குக் காரணமாக இருந்தேன். எல்லாம் போனில் ஆடும் கேமுக்குள் நடந்ததுதான். ஆனால் என்னைக் குழுவை விட்டுத் தூக்குவதா வேண்டாமா என்று கூட ஆடியவர்கள் பேசிக்கொண்டது நிஜம். மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் கட்டுமாவடியிலிருந்து புதுக்கோட்டைக்கு மீன் வேன் ஓட்டுகிறவன். ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. ரொம்ப நாள் லாரியில் கிளீனர். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை எடுத்த பிறகுதான் லைசென்ஸ் கிடைத்தது. இந்தத் தொழிலில் பாதி ஓட்டுவது, பாதி காத்திருப்பது. படகு வர வேண்டும், ஏலம் முடிய வேண்டும், ஐஸ் உடைக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அது வராது. வண்டியில் உட்கார்ந்து கேம் ஆடுவேன். வண்டிக்குப் புதிதாக வரும் தம்பிகளும் ஆடத்தான் போகிறார்கள். அதனால் ஆடிப் பார்த்தவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

1. மீன் பிடிக்கும் கேம்

தூண்டிலைப் போட்டால் மீன் வந்துவிடுகிறது. அதுதான் இதன் குறை. மீன் நாறுவதில்லை, ஐஸ் கேட்பதில்லை. ஒரு நாள் படகுக்காரர் முருகையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா மீனு அது?"

"தெரியலண்ணே. அறுபது பாயிண்ட்டு."

"அறுபது பாயிண்ட்ட வச்சு என்ன கொழம்பு வைக்கிறது?"

 அன்றே அந்தக் கேமைப் போனிலிருந்து நீக்கிவிட்டேன்.

2. விவசாய கேம்

நெல் விதைத்தால் டீ ஆறுவதற்குள் அறுத்துவிடலாம். மழை வேண்டுமானால் ஒரு மேகத்தைத் தொட்டால் போதும். மாடு கதிரில் வாய் வைப்பதில்லை. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டுவதில்லை, ஏனென்றால் பக்கத்து வயலே கிடையாது. மூட்டைகள் தாமாகவே டிராக்டரில் ஏறிக்கொள்கின்றன. இதை லோடுமேன்களிடம் காட்ட வேண்டாம். மற்றபடி மனதுக்கு நல்லது.

3. சுடும் கேம்

எல்லோரும் விமானத்திலிருந்து குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் ஒரே அணி மிஞ்ச வேண்டும். நான் ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் வரவில்லை. ஒரு குண்டுகூடச் சுடாமல் இரண்டாம் இடம் வந்தேன். என் சுபாவத்துக்கு ஏற்ற கேம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் அணியில் இருந்தவர்கள் என்னைப் பற்றிப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

4. லாரி கேம்

இதில் கிளட்ச், கியர் எல்லாம் ஓரளவு சரியாக இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து வரிசையாக ஓட்டலாம். அதைக் கன்வாய் என்கிறார்கள். சேரும்போது பெயர் கேட்டது. வேன் நம்பர் பிளேட்டில் முதலில் இருக்கும் டி.என். 55 என்பதையே போட்டுவிட்டேன். உடனே ஒருவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அம்பத்தஞ்சா? நம்ம ஜில்லால்ல! நான் ஆவூருண்ணே. பேரு ஆரோக்கியராஜ். வாங்க, நம்ம கன்வாய்க்கு வந்துருங்க."

அவர் வளைகுடா நாட்டில் நிஜமாகவே டிரெய்லர் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. வாரம் முழுக்க ஓட்டிவிட்டு லீவு நாளிலும் ஓட்டுகிறார். நானும் அப்படித்தான் என்பதால் காரணம் கேட்கவில்லை. புதுக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கும் பாஸ்கரும், இன்னும் இரண்டு பேரும் உண்டு. அவர்கள் பேசிக்கொண்டே வருவார்கள். நான் மைக் போடாமல் ஓட்டிக்கொண்டு போவேன். எனக்கு இதைவிட நல்ல சிநேகிதம் அமைந்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஐஸ் கம்பெனி வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு, எப்போது ஆரம்பிப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று என்னை முதல் வண்டியாகப் போகச் சொன்னார்கள். எனக்கு அது புது ரோடு. ஒரு பாலத்துக்கு முன்னால் இடது ஓரத்தில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. பிரேக்கை மிதித்துவிட்டேன்.

கிளீனர் வேலையில் முதலில் கற்றது அதுதான். கவிழ்ந்த வண்டியைப் பார்க்காமல் தாண்டக் கூடாது. டிரைவரை எல்லோரும் தேடுவார்கள். இடது பக்கச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கிளீனரை இன்னொரு கிளீனர் தேடினால்தான் உண்டு. இந்தக் கேமில் இறங்க முடியாது. கேமராவைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தேன். அதற்குள் பின்னால் வந்த நான்கு லாரிகளும் மோதிவிட்டன.

"யாருப்பா நடுரோட்டுல நிறுத்துனது?" என்றார் ஆரோக்கியராஜ்.

"அம்பத்தஞ்சுதான்!" என்று கத்தினார் பாஸ்கர். "என் முட்டை லோடு பூராம் போச்சு. தூக்குங்கண்ணே இவர. ஒரு நாளாச்சும் மைக் போட்டுருக்காரா? ஆளா பேயான்னே தெரியல."

மற்ற இருவரும் தூக்கிவிடலாம் என்றார்கள்.

"இருங்கப்பா" என்றார் ஆரோக்கியராஜ். "அண்ணே, இருக்கீங்களா? எதுக்கு நின்னீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க. இல்லாட்டி இவனுங்கள என்னால புடிச்சு வைக்க முடியாது."

வேன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு மைக்கைப் போட்டேன்.

"வண்டி ஒண்ணு கவுந்து கெடந்துச்சு."

"அண்ணே, அது கேம்காரன் சும்மா வச்சதுண்ணே. எப்பவும் அங்கதான் கெடக்கும்."

"தெரியாது. உள்ள ஆள் இருக்கான்னு பாத்தேன்."

"இருந்தானா?" என்றார் பாஸ்கர்.

கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"இல்ல. கிளீனர் பக்கமும் பாத்துட்டேன்."

 

"சரி" என்றார் ஆரோக்கியராஜ். "அடுத்த வாரத்துலேருந்து அண்ணன் கடைசி வண்டி. நிக்கணும்னா நின்னுட்டு வரட்டும். பின்னாடி மோத ஆள் இருக்காது."

"அப்ப என் முட்டை?"

"ஒன் முட்டைய ஊருக்கு வர்றப்ப அவிச்சுத் தாரேன். வண்டிய எடுடா."

தம்பிகளுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். நிற்க வேண்டிய இடத்தில் நில்லுங்கள். ஆனால் நிற்கிற பழக்கம் உள்ளவன் கடைசியில் வர வேண்டும். எதற்கு நின்றோம் என்பதைப் பின்னால் வருகிறவனுக்கு வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி வண்டியாக வந்து, கவிழ்ந்த லாரி பக்கத்தில் நின்று, பார்த்துவிட்டுப் போனேன். "எங்கிட்டுண்ணே நிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். "வாரேன்" என்றேன்.

அதற்கடுத்த வாரம் பாலம் வருவதற்கு முன்பே, கவிழ்ந்த லாரியை ஒட்டி, ஓரத்தில் ஒரு லாரி விளக்கு சிமிட்டிக்கொண்டு நின்றது. முட்டை லோடு. பாஸ்கருடையது.

"நிக்காதீங்கண்ணே, நீங்க போங்க. நான் பாத்துட்டேன்" என்றார். "ரெண்டு பக்கமும்."

"சரிப்பா" என்றேன். தாண்டும்போது ஒரு ஹாரன் கொடுத்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்.

லாரி கேம் பற்றி என் கருத்து: நல்ல கேம். ஆடலாம்.