சம்பந்திச் சுவர்

முதலில் அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள் என் தங்கை. வெளியே நின்று கதவைச் சுற்றி டார்ச் அடிப்பது என் வேலை. உள்ளே எங்கெங்கே வெளிச்சக் கீற்று விழுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போடுவாள். "வெளிச்சம் நுழையிற சந்துல சத்தமும் நுழையும்ணே" என்பாள்.

ஒட்டுச் சுவர் வீடுகளில் ஓர் அறையின் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுப்பது அவள் தொழில். பள்ளியில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். படிப்பில் நாங்கள் இருவருமே சுமார்தான். ஆனால் அவள் அறுத்த பலகையில் அளவு பிசகிப் பார்த்ததில்லை. அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை.

எந்த வேலையானாலும் முதலில் புகார் சொன்ன வீட்டுக்குத்தான் போவாள். "தலைவலி யாருக்கோ அவங்களத்தானே முதல்ல பாக்கணும்?"

போன மாதம் ஒரு தையல்கார அக்காவின் வீடு. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அக்காவின் மோட்டார் வைத்த தையல் மெஷின் சத்தம் தாங்காமல் அவர் புகார் செய்ய, இன்னொரு புகார் வந்தால் அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். டிரைவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"காலமெல்லாம் இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்மா. இப்ப சுவத்துக்குள்ளயும் ஒரு இன்ஜின்."

"எங்க உக்காந்தா ரொம்பக் கேக்குதுங்கய்யா?" என்று கேட்டு, அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து சத்தத்தைக் கவனித்தாள்.

அக்கா வீட்டில், பழைய சுவருக்கு முன்னால் புதிதாக ஒரு சுவர் எழுப்பினாள். மரச்சட்டம், நடுவில் அடர்ந்த பஞ்சு, மேலே இரட்டை ஜிப்சம் பலகை. சட்டத்துக்கும் மெஷினின் கால்களுக்கும் அடியில் ரப்பர். இரண்டு சுவரும் எங்கேயும் தொடக் கூடாது. "கோவிச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரிண்ணே. பக்கத்துல நிக்கணும், பட்டுக்கக் கூடாது."

வேலை முடிந்த மறுநாளே டிரைவர் போன் செய்தார். "கொஞ்சங்கூடக் குறையலைம்மா. சாயங்காலம் வீட்டுக்காரர் வர்றார், சொல்லத்தான் போறேன்."

ஓடினோம். கத்தரியும் ஸ்கேலும் மாட்டுவதற்கு அக்கா புதுச் சுவரில் வரிசையாக நீள ஆணிகள் அடித்து வைத்திருந்தார். எல்லாம் பலகையைத் துளைத்துப் பழைய சுவருக்குள் இறங்கியிருந்தன.

"ஏங்க்கா, ரெண்டு சம்பந்தியையும் நீங்களே கூட்டிவச்சு சமாதானம் பண்ணிட்டீங்களே."

"இவ்வளவு பெரிய சுவரு, சும்மா கெடக்கேன்னு அடிச்சேன்டி." அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப என்னடி செய்றது?"

தங்கை ஆணிகளைப் பிடுங்கினாள். துளைகளை அடைத்துப் பூசினாள். அக்காவைத் தைக்கச் சொல்லிவிட்டு டிரைவர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சரி, மெஷினை ஓட்டச் சொல்லும்மா" என்றார்.

"ஓடிட்டுதான் இருக்குங்கய்யா."

அவர் நம்பவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். நெற்றியில் வேர்வை அரும்பியது.

"அப்ப வீட்டுக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

என் தங்கை நடந்துபோய் மின்விசிறியைப் போட்டுவிட்டாள்.