அமெரிக்காவில் தம்பி சாப்பிடுகிறான்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அப்பாவுக்குச் சட்டை போட்டுவிடுவது என் வேலையாக இருந்தது. மற்ற நாளெல்லாம் வெறும் மேலோடு கைலி கட்டிக் கிடக்கிற மனுஷன், ஞாயிறன்று மட்டும் கண் திறந்ததும் சட்டை கேட்பார். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட வேண்டும். கொச்சி மட்டாஞ்சேரிப் புழுக்கத்தில், ஃபேன் சுற்றச் சுற்ற வியர்வை ஊற, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் போலத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் என் தம்பி சாப்பிடப் போகிறான், அதை அப்பா பார்க்க வேண்டும்.

சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிடக்கட்டும், முதலில் இருந்து சொல்கிறேன்.

அப்பா பழைய யூதத் தெருவான ஜூ டவுனில், பாண்டிகசாலைக் கிடங்குகளில் மிளகும் சுக்கும் மூட்டை சுமந்தவர். சுமக்கிற அளவுக்குத் தின்னவும் செய்தவர். கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் அவர் முன்னால் வைத்தால் எங்களுக்குச் சட்டி மட்டும்தான் மிஞ்சும். பக்கவாதம் வந்தபோது கை பாதி திரும்பி வந்தது, பேச்சு குழறலாகத் திரும்பி வந்தது, தொண்டை மட்டும் திரும்பி வரவே இல்லை. ஒரு மிடறு தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். கஞ்சி, முட்டை வெள்ளை, வேகவைத்த காய் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து, அந்தக் குழாய் வழியே மெதுவாக விட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். நான் ஜூ டவுனில் பழம்பொருள் கடை ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்குப் பித்தளை விளக்கு காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டேன். புருஷன் என்று ஒருவன் இருந்தான், அவன் அதற்கு முன்பே என்னை விட்டுவிட்டான். ஆக, சிரிஞ்சைப் பிடிக்க வீட்டில் ஆள் தயாராக இருந்தது.

தம்பியிடம் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று மட்டும்தான் சொன்னோம். குழாயைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று அப்பா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார்.

"அவன்கிட்டச் சொல்லண்டா. அங்க தனியா கெடக்கான். இது கேட்டா அவனுக்குச் சோறு எறங்காது."

எனக்கு எப்படி இறங்கும் என்று அவர் யோசிக்கவில்லை. நான் சாப்பிடுவதை அவர் பார்த்தால் ஏங்குவாரே என்று, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்னப் பழகிக்கொண்டேன். மீன் வறுப்பதையே நிறுத்தினேன், மணம் முன்னறைக்குப் போகுமே. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த முதல் ஞாயிறு தம்பி வீடியோவில் வந்தான். அப்பா குழறிக் குழறிக் கேட்ட முதல் கேள்வி, "மோனே, நீ என்ன தின்னே?" என்பதுதான். அவன் இருப்பது ஒஹாயோவில். அங்கே சனிக்கிழமை ராத்திரி. எங்கேயோ கடையில் உட்கார்ந்திருந்தவன் தட்டைத் திருப்பிக் காட்டினான். நீளமான ரொட்டி, அதற்குள் சீவிச் சீவிப் போட்ட மாட்டிறைச்சி, மேலே உருகி வழிகிற சீஸ். பென்சில்வேனியாவுக்குப் போயிருக்கிறானாம், அந்த ஸ்டேட்டில் அதுதான் விசேஷமாம். அப்பா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் ஒரு கடி கடித்தான். அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது.

தம்பிக்கு அது போதும். அப்பாவுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தவுடன் லீவு கிடைக்கிற வாரமெல்லாம் ஒரு ஸ்டேட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தான். அந்தந்த ஸ்டேட்டுப் பண்டத்தை அந்தந்த ஸ்டேட்டிலேயே போய்த் தின்பதாம். சிகாகோவில் கேக் மாதிரி கனத்த பீட்ஸா. விஸ்கான்சினில் சீஸையே துண்டு துண்டாகப் பொரித்த பொரியல். டெக்ஸாஸில் விடிய விடியப் புகையில் வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறி. ஃப்ளோரிடாவில் எலுமிச்சம்பழச் சாற்றில் இனிப்புப் பணியாரம். லூசியானாவில் வெண்டைக்காயும் இறாலும் போட்ட ஒரு குழம்பு. வெண்டைக்காய் என்றதும் அப்பா சிரித்தார். நோவு வந்த பிறகு அன்றுதான் முதல் சிரிப்பு. சவுத் கரோலினாவில் ஒரு காகிதப் பையைத் திறந்து காட்டினான். அவித்த நிலக்கடலை. சத்தியமாகச் சொல்கிறேன், அவித்த நிலக்கடலை. ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் வண்டிக்காரர் கூவிக் கூவி விற்கிறதைத் தின்ன இவன் பிளேன் ஏறிப் போயிருக்கிறான். கொச்சிக்கு வர மட்டும் லீவு இல்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் வர வேண்டும். வந்து ஒரு மாதம் அந்தச் சிரிஞ்சைப் பிடிக்க வேண்டும். நான் ஆலுவாவுக்கு ரயிலேறி, அங்கிருந்து எங்கேயாவது போய், ஒரு வாரம் குப்புறப் படுத்துத் தூங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "அப்பா நல்லாத்தானே இருக்காருக்கா, அடுத்த லீவுக்குப் பாக்கலாம்" என்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தால் யாருக்கும் நல்லாத்தான் தெரியும்.

அப்பாவோ வாரம் முழுக்க அந்தத் தட்டுகளிலேயே வாழ்ந்தார். அம்மா செத்த நாளைக் கேட்டால் முழிக்கிற மனுஷன், எந்த ஸ்டேட்டில் எந்தப் பண்டம் என்று பிசகாமல் சொல்வார். பக்கத்து வீட்டுச் சேச்சி ஜார்ஜியாவையும் லூசியானாவையும் மாற்றிச் சொன்னதற்கு அவளைத் திருத்தினார். "ஜார்ஜியாவுல பீச் பழமாக்கும், குழம்பு மத்தது." சேச்சி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இங்ஙனெ ஒரு மோன் ஆர்க்கு கிட்டும்" என்றாள். அப்போது என் கையில் கழுவாத சிரிஞ்சு இருந்தது. இப்படி ஒரு மகன் யாருக்குக் கிடைப்பான், சரிதான். இப்படி ஒரு மகள் கிடைத்ததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தொண்டைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். வெறும் எச்சிலை விழுங்கிப் பழகினால், பின்னால் ஒரு கரண்டிக் கஞ்சி வாயில் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். நான் கெஞ்சினாலும் திட்டினாலும் அப்பா செய்ய மாட்டார். தம்பி மெல்லும்போது மட்டும், யாரும் சொல்லாமலேயே, தொண்டை ஏறி இறங்கும். அதைப் பார்த்துத்தான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிறுதோறும் போனைப் பிடித்தேன்.

அப்புறம் மேரிலாண்ட் வந்தது.

மேஜை முழுக்கத் தாளை விரித்து, அவித்த நண்டைக் குவியலாகக் கொட்டி, சிவப்பாக ஒரு மசாலாப் பொடியைத் தூவியிருந்தார்கள். தம்பியின் கையில் ஒரு சின்ன மரச் சுத்தியல். ஓட்டை அடித்து உடைத்துச் சதையை உறிஞ்சினான். அப்பா பொத்தானுக்குள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அவருக்கு நண்டு உயிர். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்த கை வலித்தது. அன்று காலையில் குழாய் அடைத்துக்கொண்டு, வெந்நீர் விட்டு விட்டு எடுக்க ரொம்ப நேரம் ஆகியிருந்தது. நான் சாயாகூடக் குடித்திருக்கவில்லை.

தம்பி விரலை நக்கிக்கொண்டே போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அக்கா, அப்பா ரொம்ப எளச்சிட்டாரே. ஒழுங்கா சாப்பிடக் குடுக்கிறியா?"

நான் அப்பாவின் கழுத்து வியர்வையைத் துடைத்தேன்.

"மடிச்சிட்டு இருக்காதக்கா. மத்தி, நண்டு ஏதாவது வாங்கி வச்சுக் குடு. நம்ம ஸ்டேட்டுலதான் இல்லாத மீனா?"

மடி என்றால் எங்கள் பேச்சில் சோம்பல். என்னைச் சோம்பேறி என்கிறான். போனை இடது கைக்கு மாற்றி, வலது கையால் அப்பாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையில் பலம் ஏது, உதறிவிட்டுச் சட்டையை விலக்கி, போனை வயிற்றுக்கு நேரே பிடித்தேன்.

"பாத்துக்கோ. உங்கப்பா சாப்பிடற வாய் இதுதான். ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாள் மொதலே இதுதான். நம்ம ஸ்டேட்டுப் பண்டம் வேணுமா, இரு, காட்டறேன்."

வடிகட்டி வைத்திருந்த கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்துக் காட்டினேன். சாம்பல் நிறத்தில், பசை மாதிரி. அதைக் குழாயில் விட்டேன். அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. கடையில் யாரோ சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் போன் இருண்டது.

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"திருப்தியாச்சா?" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஆச்சு என்றுதான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எத்தனை நாளைக்கு ஒரு மனுஷி பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருப்பாள்?

அடுத்த ஞாயிறு விடிந்ததும் அப்பா சட்டை கேட்டார். "இனி எதுக்கு, அவனுக்குத்தான் தெரியுமே" என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தார். போட்டுவிட்டேன். போன் வரவில்லை. எதிர்ச் சாயாக்கடையில் கடலைக் கறி வாங்க வந்தவர்கள் போய், பள்ளிவாசல் பாங்கு கேட்டு, மத்தியான வெயில் முன்னறையில் விழுந்து, போன் வரவில்லை. கஞ்சி எடுத்து வந்தேன். அப்பா சட்டைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். சாயங்காலமும் அப்படியே. மறுநாள் காலையிலும் அதே சட்டை, அதே கை. உதடு வறண்டு வெடித்திருந்தது. மாத்திரையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அதுவும் போகவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று யோசித்தேன். அதற்கு முன்னால் தம்பிக்கு நானே போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான். முகம் வீங்கியிருந்தது. ஷேவ் செய்து நாளாகியிருந்தது.

"அக்கா, டிக்கெட் பாத்துட்டு இருக்கேன்" என்றான். "வந்திடறேன். அன்னைக்கு அப்புறம் எனக்குத் துளிகூடச் சோறு எறங்கல. வாயில வச்சா அந்தக் குழாதான் தெரியுது."

அப்பா சொன்னது அச்சாக அப்படியே நடந்திருந்தது. அந்த டிக்கெட் என்கிற சொல்லுக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன். கடைசியில் அது காதில் விழுந்தபோது நின்று கேட்க எனக்கு நேரம் இல்லை.

"டிக்கெட்ட அப்புறம் பாரு. இப்ப எதையாவது எடுத்துத் தின்னு."

"அக்கா, எப்படிக்கா..."

"அழுதுட்டே தின்னு, எனக்கென்ன. அப்பா பாக்கணும். நேத்திலேருந்து பட்டினி கெடக்காரு."

எழுந்து போய் ஏதோ எடுத்து வந்தான். ரெண்டு துண்டு ரொட்டி, நடுவில் கடலை வெண்ணெய். நான் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் உற்றுப் பார்த்தார்.

"அது ஏது ஸ்டேட்?"

"எல்லா ஸ்டேட்டிலயும் இருக்கறதுதாம்ப்பா."

"ம். கடிச்சுத் தின்னு."

அவன் கடித்தான். கண்ணில் இருந்து ஒழுக ஒழுக மென்றான். அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு அவரே, அந்தப் பாதிக் கையால், ஒவ்வொரு பொத்தானாகத் தடவிக் கழற்றினார். நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் சிரிஞ்சுமாகக் கஞ்சியை விட்டேன். தம்பி இந்தத் தடவை போனை அணைக்கவில்லை.

"வயிறு நெறஞ்சுதாப்பா?" என்றான்.

"நெறஞ்சுது. உனக்கு?"

"நெறஞ்சுதுப்பா."

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். நடுவில் நான் நிற்கிறேன். முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது அப்பா மட்டும் இல்லை. அவர் கிடக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கியிருக்கும்?

"நான் தின்னேனான்னு ரெண்டு பேர்ல ஒருத்தர் கேட்டீங்களா?" என்றேன். "என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

போனைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில், பிளாஸ்க்கில் சாய்த்து வைத்தேன். அடுக்களைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று சனிக்கிழமை ராத்திரியே, அப்பா தூங்கிய பிறகு வைத்த மத்திக் கறி தொடாமல் சட்டியில் இருந்தது. சூடாக்கினேன். வீடு முழுக்க மணம் போனது, போகட்டும் என்று விட்டேன். சோற்றைப் போட்டு, கறியை ஊற்றி, தட்டோடு முன்னறைக்கு வந்து, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இனிமேல் அடுக்களையில் ஒளிந்து நின்று தின்ன மாட்டேன் என்று ரெண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். பிசைந்தேன். தின்றேன். முள்ளை உறிஞ்சித் தின்றேன், சத்தம் வர.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மத்தியா?" என்றார் அப்பா.

"மத்திதான்."

"முந்தா நாள் வச்சதா?"

"ஆமா."

"அப்போ குடம்புளி நல்லாப் பிடிச்சிருக்கும்."

அவர் தொண்டை ஏறி இறங்கியது. "பிடிச்சிருக்கு" என்றேன், கோபம் குறையாமலேயே. ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த உருண்டையை உருட்டினேன்.