கதவு ரப்பரில் ஈரம்

நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். இன்று படுக்கப் போகும் முன், உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்து ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எங்கள் வீட்டில் அது காயவே இல்லை. இது எனக்கு நடந்தது. என் மனைவிக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். அவருக்குக் கௌரவம் முக்கியம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கைக்குட்டை வாங்கினாலும் நாலு பேரைக் கூட்டி உதறிக் காட்டுகிற ரகம். ஒரு பெரிய முதலாளியிடம் வேலை. முதலாளி வீட்டுக் கரண்ட் பில் கட்டுவது, காருக்குக் காற்று அடிப்பது, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு. விசிட்டிங் கார்டில் ‘ஜெனரல் மேனேஜர்’ என்று இருக்கும். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு ஆளையும் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. மூச்சுக்கு முந்நூறு தடவை “எங்க முதலாளி” என்பார்.

எங்களுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. மனைவி நர்ஸ். லீவு முடிந்ததும் அவளுக்கு நைட் டூட்டி போட்டுவிட்டார்கள். பவுடர் பாலோ குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்த வேகத்தில் வாந்தி. அதனால் அவள் தன் பாலைப் பிழிந்து சின்ன பாட்டில்களில் வைத்துவிட்டுப் போவாள். ராத்திரி நான் அதை வெந்நீரில் வைத்து, சூடு காட்டிப் புகட்ட வேண்டும். அந்தப் பாலை விட்டால் குழந்தைக்கு வேறு ஆகாரம் கிடையாது. ஆகவே ஒரு ஃபிரிட்ஜ் அவசரமாகத் தேவைப்பட்டது.

“என் மருமகளுக்கு நான் செய்யாம யாரு செய்வா?” என்று மச்சான் மார் தட்டினார். மறுநாளே வேன் வந்தது.

மேலே ஃப்ரீசர், கீழே ஃபிரிட்ஜ், இரண்டு கதவு. இரண்டு பேர் முக்கி முனகி இரண்டாவது மாடிக்குத் தூக்கி வந்தார்கள். மச்சான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். படி ஏறிய களைப்பு அவருக்குத்தான் அதிகம்.

“புத்தம் புதுசு மாப்ள. ஷோரூம் பீஸ்.”

அடுப்படியில் அதற்கென்று ஒரு மூலை ஒதுக்கி வைத்திருந்தேன். மச்சான் முகம் சுளித்தார்.

“அங்க வெச்சா யாரு பாப்பா? ஹால்ல வைங்க.”

நான் மறுத்திருக்கலாம். ஆனால் மாடி வீட்டுக்காரர்களிடம் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஆகவே ஹாலில், படுக்கையறை வாசலை ஒட்டி, வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி வைத்தோம். தரை சமமாக இல்லை. ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தோம்.

“நாலு மணி நேரம் அப்படியே நிக்கட்டும் சார். அப்புறமா பிளக்கப் போடுங்க,” என்றார் தூக்கி வந்தவர்களில் ஒருவர்.

“அதெல்லாம் சாதா ஃபிரிட்ஜுக்குப்பா,” என்று மச்சான் உடனே சுவிட்சைப் போட்டார். மாடி வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு ஐஸ் காட்ட வேண்டுமே!

கதவில் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை உரிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. உரித்தால் பழசாகிவிடுமாம். தாள் கோணலாக ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் ஒரு நீளமான நரைமுடி மாட்டிக்கொண்டிருந்தது. கீழ்க் கதவில் ஒரு பூட்டு. அதன் சாவி, வருஷக்கணக்கில் யார் பாக்கெட்டிலோ கிடந்தது போல, தேய்ந்து வழவழவென்று இருந்தது.

“புதுச் சாவி இவ்ளோ தேஞ்சிருக்கே மச்சான்?”

“இப்ப இதுதான் மாப்ள ஃபேஷன்.”

இனாமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை. பல்லைப் பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த வாயில் பல்லே கிடையாது.

முதலில் வந்தது நாற்றம். ஃபிரிட்ஜுக்குள் இல்லை. வெளியே. கதவுப் பக்கம் முகத்தைக் கொண்டு போனால் மட்டும். அழுகிய காய்கறி வாடை இல்லை, செத்த எலி வாடையும் இல்லை. பத்து நாள் பல் விளக்காத ஒரு ஆள், உங்கள் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து மூச்சு விட்டால் எப்படி இருக்கும்? அப்படி. கொஞ்சம் புளிப்பு. கொஞ்சம் இனிப்பு. அந்த இனிப்புதான் குமட்டியது.

சோப்புப் போட்டுத் துடைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். “நாலு மணி நேரம் நிக்க விடாம போட்டோம்ல, அதான்,” என்று மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நாலு மணி நேரத்தின் மேலேயே பழியைப் போட்டேன்.

இரண்டாம் நாள் காலை. கீழ்க் கதவின் ரப்பர் ஈரமாக இருந்தது. ஃபிரிட்ஜில் ஈரம் பூப்பது சகஜம்தான். ஆனால் தண்ணீர் என்றால் விரலில் ஒட்டுமா? இது நூல் நூலாக இழுத்தது. என் தொடை உயரத்தில், ஒரு சாண் அளவுக்கு மட்டும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளின் வாய் எட்டுகிற உயரம்.

அந்த இடத்தில் ரப்பர் நசுங்கி வெளுத்திருந்தது. கடித்த தடம் இல்லை. ஈறால் கவ்விச் சப்பிய தடம்.

விரலைத் தெரியாத்தனமாக முகர்ந்துவிட்டேன். ஓடிப் போய் வாந்தி எடுத்தேன்.

மூன்றாம் நாள் பால் குறைந்தது. நாலு பாட்டிலில் ஒன்று காலி. மூடி இறுக்கமாக மூடியிருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கழுவி வைத்தது போல... இல்லை. நக்கி வைத்தது போல.

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்களா?”

“ச்சீ! என்ன பேச்சு பேசுற?”

“காப்பிக்கு ஊத்திட்டீங்களோன்னு கேட்டேன். பாக்கெட் பால் தீந்து போச்சுல்ல.”

“உன் அண்ணன் வாங்கித் தந்த ஃபிரிட்ஜக் கேளு!”

“எங்க அண்ணனச் சொல்லலைன்னா உங்களுக்குச் சோறு எறங்காதே!”

மச்சானுக்கே போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூட “எங்க முதலாளி” என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் அவர் அப்படி இருந்ததே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பூட்டு இருக்குல்ல மாப்ள... பூட்டிருங்க.”

அன்று இரவு மனைவி டூட்டிக்குப் போனதும் நான் கீழ்க் கதவைப் பூட்டினேன். சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடம். குழந்தை பசிக்கு அழுதது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஹாலில் இருட்டு. ஃபிரிட்ஜின் மோட்டார் ‘உர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

அப்போதுதான் கேட்டது.

ச்ச்... ச்ச்... ச்ச்...

பால் குடிக்கிற குழந்தையின் சத்தம். ஆனால் என் குழந்தை எனக்குப் பின்னால், அறையில் அழுதுகொண்டிருந்தது.

ச்ச்... ச்ச்... இடையிடையே ஒரு பெருமூச்சு. வயசான மூச்சு. மூக்கடைத்த மூச்சு.

லைட்டைப் போட்டேன்.

யாரும் இல்லை.

ரப்பர் மட்டும்... ஒரு சாண் அளவுக்கு வெளியே இழுபட்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க, மெதுவாக, தன் இடத்துக்குத் திரும்பிப் போனது. வாயிலிருந்து விடுபட்ட உதடு மாதிரி.

கண்ணாடித்தாளில் எச்சில் வழிந்தது. தரையில் சொட்டியது.

டொப்.

நாற்றம் என் முகத்தில் அடித்தது. பிறகு நகர்ந்தது. ஆமாம், நகர்ந்தது. என் தொடை உயரத்தில், என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் போனது.

குழந்தையின் அழுகை நின்றது.

படிப்படியாக அடங்கவில்லை. சட்டென்று நின்றது.

ச்ச்...

இப்போது சத்தம் அறைக்குள்ளிருந்து வந்தது.

ஓடினேன்.

குழந்தை மல்லாந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. அழவில்லை. சிரிக்கவில்லை. வலது கை மட்டும் அந்தரத்தில் நீட்டியபடி நின்றது. யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல.

நான் அள்ளி எடுத்ததும் கை விழுந்தது.

முழங்கை வரை ஈரம்.

வழவழப்பு.

விரல்கள் ஐந்தும் தண்ணீரில் ஊறியது போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

என்ன தோன்றியதோ தெரியவில்லை. குழந்தையை இடுக்கிக்கொண்டு, பூட்டைத் திறந்தேன். கதவை அகலமாகத் திறந்து போட்டேன்.

“எடுத்துக்கோ...”

நான்தான் சொன்னேன்.

வெளியே ஓடி, மாடிப்படியில் உட்கார்ந்தேன். குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. அந்த அழுகையைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. மாடி வீட்டு அம்மா எழுந்து வந்து விளக்கைப் போட்டார். குழந்தைக்கு இரண்டு ஸ்பூன் வெந்நீர் காட்டி விடியும்வரை சமாளித்தோம்.

காலையில் மனைவி வந்ததும் கதறிய குழந்தைக்கு முதலில் பால் கொடுத்தாள். அதற்குள் நான் எட்டிப் பார்த்தேன். பாட்டில்கள் அனைத்தும் காலி. மூடிகள் இறுக்கமாக மூடியிருந்தன. பிறகு நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவள் குழந்தையின் கையை எடுத்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியது.

“இந்த நாத்தம் எனக்குத் தெரியும்.”

“என்ன நாத்தம்?”

“வார்டுல பாத்திருக்கேன். பல நாளா சாப்பாடு தண்ணி இல்லாமக் கெடந்தவங்க வாயில வரும். பட்டினி நாத்தம்ங்க இது.”

அவளே அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வந்தார். ஃபிரிட்ஜ் பக்கம் வராமல் செருப்பு விடும் இடத்திலேயே நின்றார்.

“இது யாரு வீட்டு ஃபிரிட்ஜுண்ணே?”

“புது...”

“அண்ணே!”

“எங்க முதலாளி வீட்டுது. அவங்க அப்பாவுக்கு மறதி நோய். சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. ராத்திரி எந்திரிச்சு வந்து, இருக்கிற பாலெல்லாம் குடிச்சுடுவாரு. விருந்தாளிங்க முன்னாடி அசிங்கமா இருக்குன்னு பூட்டச் சொல்லிட்டாங்க.”

“பூட்டுனது யாரு மச்சான்?” என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

“என் டூட்டி மாப்ள அது. தெனம் கெளம்பும்போது பூட்டி, சாவிய எடுத்துட்டுப் போயிடுவேன். ஒருதரம் அவர உள்ள வெச்சு வீட்டப் பூட்டிட்டு அவங்க எல்லாரும் வெளியூர் போயிட்டாங்க. சமையக்காரரு வந்து பாத்துப்பாருன்னு நான் நெனச்சேன். நான் பாத்துப்பேன்னு அவரு நெனச்சிட்டாரு...”

“அப்புறம்?”

“ஆறாம் நாளு போய்த் தொறந்தேன். இந்தக் கதவு ஓரத்துல... வாய வெச்ச மேனிக்கு... உக்காந்த வாக்குல...”

அந்த முதலாளியை ஊருக்கே தெரியும். அப்பா பேரில் ஒரு டிரஸ்ட் வைத்திருக்கிறார். ‘தந்தையைத் தெய்வமாகப் போற்றிய தனயன்’ என்று அவருக்குப் பட்டம் கொடுத்து மாலை போட்டதை நானே பேப்பரில் பார்த்திருக்கிறேன்.

“இத இப்பவே உடைச்சுப் போடுங்க,” என்றேன். மச்சான் தலையாட்டினார். அன்றைக்கே வேன் வந்து எடுத்துப் போனது. காலுக்குக் கொடுத்த அட்டை மட்டும் ஹாலில் கிடந்தது. அதுவும் ஈரமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து மச்சான் ஒரு போட்டோ அனுப்பினார். அவரால் பெருமையை அடக்க முடியாதே! டிரஸ்ட் சார்பில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு இலவசப் பால். பாலைப் பாதுகாக்க ‘புத்தம் புதிய’ ஃபிரிட்ஜ். முதலாளி ரிப்பன் வெட்டுகிறார். பக்கத்தில் ஜெனரல் மேனேஜர் பல்லைக் காட்டுகிறார். போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். புதுக் கண்ணாடித்தாள். அதே பூட்டு.

மச்சான் போனை எடுக்கவில்லை. காப்பகத்தின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பொறுப்பாளர் அம்மா எடுத்தார்.

“அம்மா, புது ஃபிரிட்ஜ்ல வெக்கிற பால் சரியா இருக்கா?”

“எங்க சார்! ராத்திரில கொறஞ்சுக்கிட்டே வருது. பெரிய பசங்க யாரோ திருடிக் குடிக்குதுங்க. அதான் நேத்துலேருந்து பூட்டி வெச்சுட்டோம்.”

“பூட்டாதீங்கம்மா... தயவுசெஞ்சு பூட்டாதீங்க.”

“ஏன் சார்?”

எப்படிக் கேட்பது?

“நேத்து ராத்திரி... கைக்குழந்தைங்க பசியில ரொம்ப அழுதுச்சாம்மா?”

“அதான் சார் அதிசயம்!” என்று அந்த அம்மா சிரித்தார். “மொதல்ல எல்லாம் ஒண்ணா அழுதுச்சுங்க. அப்புறம் வரிசையா, ஒவ்வொண்ணா, சட்டுசட்டுன்னு நிறுத்திடுச்சுங்க.”