அப்பாவுக்கு அனுப்பிய கை

“இதுவரை நீ எழுதிய ‘நலம்’ எல்லாவற்றிலும் எத்தனை உண்மை?”

பிள்ளைகளின் அப்பா கடிதத்தில் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் எழுத முடியவில்லை. ஆனால் மாதாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளை பிழைத்தால் அதை நம் பங்குக் கோவில் பத்திரிகையில் எல்லோருக்கும் சொல்வேன், நான் செய்த பொய்யையும் மறைக்காமல் சேர்த்தே சொல்வேன் என்று. முதல் பாதியைச் சொல்வது சுலபம். இரண்டாவது பாதிக்காகத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறார்கள். ஏறினால் பத்து மாதம், சில சமயம் ஒரு வருஷம் கழித்துத்தான் இறங்குவார்கள். மூத்தவள் ரீத்தாவுக்கு எட்டு வயது. இளையவன் சேவியருக்கு நாலரை. என் மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள்.

மாதம் ஒரு கடிதம் எழுதுவேன். மடித்து ஒட்டி அனுப்பும் நீல நிற ஏரோகிராம் தாளில் இடம் கொஞ்சம்தான். அதில் பொடி எழுத்தாகப் பிள்ளைகளின் சமாச்சாரம் முழுவதையும் நிரப்புவேன். ரீத்தாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் காற்றுதான் வருகிறது. பதினான்காம் வாய்ப்பாட்டில் இன்னும் இடறுகிறாள். சேவியருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தால் கோபம், தானே எடுக்க வேண்டுமாம். தெரு நாய்க்குட்டிக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டான். இப்படி.

கடைசி மடிப்பை மட்டும் எழுதாமல் விடுவேன். அது பிள்ளைகளின் கைக்கு. தாளின் மேல் கையை விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைவேன். ஒரு மாதம் ரீத்தாவின் கை என்றால் மறு மாதம் சேவியரின் கை. இது அவர்கள் அப்பா கப்பல் ஏறும்போது சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு. “போட்டோவுல மூஞ்சிதான் தெரியும். கை போட்டு அனுப்பினா எம்புட்டு வளந்திருக்கான்னு அளந்து பாத்துக்கிடுவேன்” என்றார்கள். சேவியருக்கு அது பழகிவிட்டது. நான் தாளையும் பென்சிலையும் எடுத்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்து, கேட்காமலே கையை விரித்து வைத்துவிடுவான்.

இந்தக் கடற்கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடலில் இருப்பவர்களுக்குக் கெட்ட சேதி எழுதுவதில்லை. எங்கள் தெருவில் ஒருவருடைய தகப்பனார் இறந்த பிறகும் ஐந்து மாதம் ‘அப்பா நலம்’ என்றே கடிதம் போனது. அவர் ஊர் வந்து இறங்கி, வீட்டு வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டார். யாரும் அதைத் தவறு என்று பேசவில்லை. நானும் பேசவில்லை.

போன வருஷம் மாதா திருவிழா முடிந்த இரண்டாவது வாரம் சேவியருக்குக் காய்ச்சல் கண்டது. திருவிழாக் கூட்டத்தில் அவன் அழுதான் என்று குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். அதுதானோ? தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் விட்ட நாள் ஏதாவது உண்டோ? முதல் மூன்று நாள் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்துக்கொண்டு இருந்தேனே, உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டாமோ? இன்றும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டைபாய்டு என்றார்கள். வலது கையில் பலகை வைத்துக் கட்டி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள்.

கடிதம் அனுப்ப வேண்டிய வாரம் அது. அந்த வாரம் தபாலில் சேர்க்காவிட்டால், கப்பல் அடுத்த துறைமுகத்தை விட்டுப் போய்விடும். நான் சோறு எடுத்துப் போக வீட்டுக்கு வந்தபோது மாமியிடம் கேட்டேன், “எழுதிருவோமா மாமி?”

“என்னத்த எழுத? காய்ச்சல்னு எழுதினா அவன் கப்பல்லேருந்து குதிச்சு நீந்தி வரப்போறானா? அந்தத் தீக்குழிக்குள்ள நின்னு வேல பாக்குதவன் ஏளா. நெனப்பு இங்கன இருந்தா கையி எங்கன போகும்? நல்லா இருக்கோம்னு எழுது.”

மாமி சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுதினேன். ரீத்தா பரீட்சையில் வாங்கிய மார்க்கை எழுதினேன். சேவியர் நன்றாக விளையாடுகிறான் என்று எழுதினேன். கடைசி மடிப்புக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. அந்த மாதம் சேவியரின் முறை. ரீத்தாவின் கையை வைத்தால் ஏன் என்று கேட்பார்கள். வெறுமையாக விட்டாலும் கேட்பார்கள்.

அடுத்த வீட்டு மரியபுஷ்பம் அக்கா வந்திருந்தார்கள். அவர்கள் மகன் தாசனுக்கும் சேவியர் வயதுதான்.

“இதுக்கா இந்த முழி முழிக்க? எம்புள்ள கைய வச்சு வரஞ்சுக்கோ. கைதான ஏளா, மூஞ்சியா அடையாளம் தெரிய?”

தாசனைப் பிடித்து உட்கார வைத்தோம். பென்சில் விரலிடுக்கில் போனதும் அவன் நெளிந்தான்.

“சித்தி, கூசுது!”

“ஆடாதல. ஒரு நிமிசம்.”

“மிட்டாய் உண்டா?”

மூன்று பெண்களும் சிரித்தோம். என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நான் சிரித்தேன். வரைந்த கைக்குக் கீழே ‘சேவியர்’ என்று என் கையாலேயே எழுதினேன். அன்றே தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. இரண்டாவது வாரம் பிதற்ற ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் பிதற்றலும் நின்றது. கண் பாதி திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்பாது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. குடலில் ஓட்டை விழுந்துவிடக் கூடாது, அதுதான் பயம் என்று டாக்டர் சொன்னார். “நாளைச் சாயங்காலம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்” என்றார். அது ஒரு வியாழக்கிழமை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மரியபுஷ்பம் அக்காவைப் பிள்ளையிடம் உட்கார வைத்துவிட்டு, உடை மாற்ற வீட்டுக்கு வந்தேன். பதினோரு மணி இருக்கும். தெருவில் தந்திக்காரரின் சைக்கிள் மணி கேட்டது. எங்கள் தெருவில் தந்தி என்றால் ஒரே அர்த்தம்தான். பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சைக்கிள் எங்கள் வீட்டு முன்னால் நின்றதும், மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“என் மவன் போயிட்டானா? சொல்லுளா! போயிட்டானா?”

நான் பிரித்துப் படித்தேன். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்கள். ‘மகன் உயிரோடு இருக்கிறானா. உண்மையை உடனே தெரிவி.’

“அவுக நல்லா இருக்காக மாமி. அவுகதான் அனுப்பியிருக்காக. நம்ம புள்ள உயிரோட இருக்கானான்னு கேக்காக.”

மாமியின் கை நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

எப்படித் தெரிந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னால் வந்த கடிதத்தில்தான் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் புதுக் கையைப் பழைய கையின் மேல் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்களாம். ‘இந்த மாதம் விரல்கள் குட்டையாகிவிட்டன. பிள்ளையின் கை வளரும், குறையுமா? சேவியருக்கு என் விரல். இது நம் வீட்டுக் கை இல்லை.’ கடிதத்தில் எல்லோரும் நலம், கை மட்டும் வேறு யாருடையதோ. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். இறந்துபோன தகப்பன் ஐந்து மாதம் ‘நலம்’ ஆக இருந்த தெரு. வேறு என்ன நினைப்பார்கள்?

தந்தி ஆபீஸுக்கு ஓடினேன். தாளை வாங்கி விலாசத்தை எழுதிவிட்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை. ‘உயிரோடு இருக்கிறான்’ என்று எழுதி, அது கப்பலுக்குப் போய்ச் சேருவதற்குள் இல்லாமல் போய்விட்டால்? அதுவும் ஒரு பொய்யாகிவிடுமே. எதுவும் எழுதாமல் விட்டால், அவர்கள் அங்கே எதை நினைத்துக்கொண்டு நெருப்பின் முன் நிற்பார்கள்?

“எழுதிட்டியளாம்மா? பின்னால ஆள் நிக்காவ” என்றார் கௌண்டரில் இருந்தவர்.

தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. மாதா கோவில் வாசலில் நின்றேன். உள்ளே போகத் துணிவு வரவில்லை. மூன்று வாரமாக நான் செபித்தது ஒன்றுதான், பிள்ளையைக் காப்பாற்று, காப்பாற்று என்று. அன்றைக்கு வாசலில் நின்றபடி வேறு ஒன்று கேட்டேன்.

“தாயே, உன்னிடம்கூட நான் நல்லவள் போலத்தான் பேசிக்கொண்டு இருந்தேன். நான் பொய் எழுதியவள். பிள்ளை பிழைத்தால் அதையும் சேர்த்தே எல்லோருக்கும் சொல்வேன். இனி ஒரு எழுத்தும் பொய்யாக எழுத மாட்டேன். இந்தத் தாளில் உண்மையாக எழுதக்கூடிய ஒரு நல்ல வார்த்தையைக் கொடு. ஒன்றே ஒன்று போதும்.”

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மணி மூன்று. மரியபுஷ்பம் அக்கா ஜெபமாலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை கிடந்தபடியே கிடந்தான். மருந்துத் தண்ணீரை இடது கைக்கு மாற்றியிருந்தார்கள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மடித்த தாளை விரித்து மெத்தைமேல் வைத்தேன். பென்சிலை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமலேதான் எடுத்தேன்.

தாளின் மேல் ஏதோ ஊர்ந்தது. அவனுடைய வலது கை. எலும்பும் தோலுமாக இருந்த கை. மெல்ல நகர்ந்து தாளின் நடுவில் வந்து நின்றது. பிறகு ஒவ்வொரு விரலாக விரித்தான்.

“வரை” என்றான். சத்தமே இல்லை, உதடு மட்டும்தான்.

மரியபுஷ்பம் அக்கா எழுந்து நின்றுவிட்டார்கள். “ஏளா, பாக்கியா? வரையச் சொல்லுதான் ஏளா! வரையேன்!”

வரைந்தேன். கோடு நேராகவே வரவில்லை. வரைந்து முடித்து நெற்றியைத் தொட்டேன். ஈரம். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வேர்த்திருந்தது. சாயங்காலம் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “நேற்றைவிட இளகியிருக்கிறது. இனிப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல குறிதான்” என்றார்.

மருந்து வேலை செய்ய நாளாகும், அந்த நாள் அன்றைக்கு வந்தது என்று யாராவது சொல்லலாம். நானும் பள்ளியிறுதி வரை படித்தவள். எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் நான் வாசலில் நின்று கேட்டது அந்தத் தாளுக்கு ஒரு வார்த்தை. கிடைத்தது அதே தாளின் மேல் என் பிள்ளையின் கை. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவையாக இருக்கவில்லை.

வேறு ஒரு தாள் வாங்கித் தந்தி கொடுத்தேன். ‘உயிரோடு இருக்கிறான். டைபாய்டு. ஆஸ்பத்திரி. இன்று கை வைத்தான்.’

கௌண்டர்காரர் கேட்டார், “கை வைத்தான்னா என்னம்மா அர்த்தம்?”

“அவுகளுக்குத் தெரியும், அண்ணாச்சி.”

கோணல் கோடு போட்ட முதல் தாளை உறையில் வைத்துத் தபாலில் அனுப்பினேன். நடந்ததை முழுவதும் எழுதி, தாசனின் கை என்பதையும் எழுதினேன். பதில் வந்தது. ‘இது என் பிள்ளையின் கை. மெலிந்திருக்கிறது. ஆனால் இதுதான்.’ அதற்குக் கீழேதான் நான் முதலில் சொன்ன கேள்வி.

எத்தனை உண்மை? ரீத்தா மாடிப்படியில் விழுந்து தையல் போட்ட மாதம் ‘நலம்’ என்றுதான் எழுதினேன். மாமி ஒரு வாரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதும் ‘நலம்’. நானே படுத்துக் கிடந்த மாதமும் ‘நலம்’. எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைச் சொன்னபோது குருசுவாமி பரிகாரமாகச் செபங்கள் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

சேவியர் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். உதிர்ந்த தலைமுடி முளைத்துவிட்டது. மீன் முள்ளை இன்னும் அவனேதான் எடுக்கிறான். இதற்காக நான் மாதாவுக்குச் சொல்லும் நன்றி வாயில் அடங்காது. கவலையில் இருக்கும் சகோதரிகளே, அந்தத் தாயிடம் போகும்போது நல்லவர்கள் போல வேஷம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மறைப்பதையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் வாசலில்தான் நின்றேன், அதற்கே மாதா செவிசாய்த்தார்கள்.

அன்று கொடுத்த வாக்கின்படி இப்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ரீத்தாவுக்கு இருமல் நிற்கவில்லை, நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினேன். படத்தில் ஒன்றுமில்லை. அது தெரிந்து நான் எழுதிய அடுத்த கடிதம் போய்ச் சேருவதற்குள், கப்பலில் அவர்கள் சூடான குழாயில் கையை வைத்து முழங்கை வரை வெந்துவிட்டது. ‘நினைவு வேறு எங்கோ இருந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மாமி அதைப் படிக்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

இந்த மாதத் தாள் மேசைமேல் இருக்கிறது. ரீத்தாவுக்கு நேற்றிலிருந்து தாடைக்குக் கீழே வீங்கியிருக்கிறது. பொன்னுக்கு வீங்கி என்கிறார்கள், நாலு நாளில் வடியலாம். கடிதம் போய்ச் சேரப் பதினைந்து நாளாகும். கடைசி மடிப்பில் கையை வரைந்துவிட்டேன், அது அவளுடைய கைதான். மற்ற பக்கமெல்லாம் வெறுமையாக இருக்கிறது.

கணவரைக் கடலுக்கு அனுப்பியிருக்கும் சகோதரிகளே, நீங்கள் இதை எப்படி எழுதுகிறீர்கள்? எதை எழுதுகிறீர்கள், எதை அவர்கள் வந்து இறங்கும்வரை வைத்துக்கொள்கிறீர்கள்? தெரிந்தவர்கள் நம் பத்திரிகை வழியாகவோ, பூசை முடிந்து வாசலில் என்னைக் கண்டாலோ சொல்லுங்கள். தபால் செவ்வாய்க்கிழமை போகிறது.