பின்னிணைப்பில் ஒரு பள்ளம்

படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. மேலே "முதற்கட்டக் கண்டுபிடிப்பு" என்று போட்டிருந்தார்கள். அதாவது, பணம் கேட்டு வருகிறவர் அந்தப் பணத்தால் செய்யப்போகிற ஆய்வைப் பாதி முடித்துவிட்டு வர வேண்டும். பொறியியல்காரர்கள் அதில் ஒரு வரைபடத்தை ஒட்டிவிட்டுப் போவார்கள். தமிழும் வாய்மொழி வரலாறும் கற்பிக்கிற எனக்கு, அந்தப் பெட்டி தோட்டத்து லயத்தில் ஆள் குடிவராத வீடு மாதிரி கிடந்தது. மூன்று முறை விண்ணப்பித்திருந்தேன். மூன்று முறையும் ஒரே வரி பதில்: பயன் தெளிவாக இல்லை.

மானியம் எழுதுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டறை நடத்தினார்கள். குளிரூட்டி எலும்பைத் தொடுகிற அறை. பேச வந்தவர் ரப்பர் கையுறையில் ஆராய்ச்சி செய்தவர். "உங்க ஆராய்ச்சி முடிஞ்சதும் கடையில எத விக்கலாம்? அதச் சொல்லுங்க முதல்ல," என்றார். கலைப்புலத்துக்காரர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த என் தோழி என் காதுக்குள், "உன்னைய விக்கலாம் டி. கிலோ என்ன வெல போவேன்னு கேளு லா," என்றாள். சிரிப்பை மறைக்க நான் இருமினேன். அவளும் இருமினாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

அவளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. படித்த காலத்தில் இருவருக்கும் ஒரே விடுதி அறை. என் அம்மா இறந்த அன்று, மலைப்பாதை பழகாத அவள்தான் என்னைக் காடியில் ஏற்றிக்கொண்டு மேலே வந்தாள். வளைவுக்கு வளைவு நிறுத்தி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினாள். இப்போது எங்கள் புலத்தில் ஆய்வுக்குப் பொறுப்பான துணை டீன். எங்கள் விண்ணப்பங்கள் அவள் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும்.

நான் கேட்டது சின்ன விஷயம். கேமரன் மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் காடுகளுக்கு, அதாவது தேயிலைப் பிரிவுகளுக்கு, எண் உண்டு. ஆபீஸ் சுவரில் தொங்கும் வரைபடத்தில் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. விடியலில் ஆள் எண்ணுகிற பெரட்டோடு அந்த எண்களின் ஆயுள் முடிந்துவிடும். மேலே ஏறியதும் கொழுந்து எடுக்கிற பெண்கள் நிலத்தைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாமியார் மேடு: ஏறி முடிக்கும்வரை முணுமுணுப்பு ஓயாது. ஈரத்துணி: மதியம்வரை வெயில் எட்டாத சரிவு. துரை வழுக்கினது: எந்தத் துரை, எந்தக் காலம், ஒருத்திக்கும் தெரியாது. வழுக்கினான் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. இந்தப் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டும், வேலை செய்தவர்களின் கால் வரைந்த ஒரு வரைபடம் வேண்டும். அவ்வளவுதான். இதைக் கடையில் விற்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

நான்காவது முறை விண்ணப்பிப்பதற்கு முன் அந்தப் பெட்டியை நிரப்பும் உறுதியோடு மலை ஏறினேன். தானா ராத்தா பஸ் நிலையத்துக்குச் சின்னம்மா மோட்டாரில் வந்திருந்தாள். அம்மாவின் கடைசித் தங்கை, என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள். தலைக்கவசத்தை என் மடியில் போட்டு, "ஏறு புள்ள. யூனிவர்சிட்டில தின்னுட்டுத் தின்னுட்டு நீ ஏறுனா டயர் தாங்குமான்னுதான் பயமா இருக்கு," என்றாள்.

மறுநாள் அவர்களோடு காட்டுக்குப் போனேன். கீழ்ச்சரிவுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டிரண்டு பேராக இயந்திரம் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஏறாத செங்குத்துக் காடு மட்டும் பெண்களுக்கு. கையில் கத்திரி, முதுகில் மூட்டை, இடுப்பில் மழைத்தாள். பனி வரும், போகும். பக்கத்து நிரையில் இருப்பவள் திடீரென்று குரலாக மட்டும் மிஞ்சுவாள். நான் கைபேசியை நீட்டியபடி பின்னால் தடுமாறினேன். பெயர்கள் கொட்டின. இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

பத்து மணி சுமாருக்கு எல்லோரும் சட்டென்று அடங்கினார்கள். கத்திரிச் சத்தம் நின்றது. சின்னம்மா என் முழங்கையைப் பிடித்து இரண்டு நிரைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு பெரிய பாறை. அதன் முதுகுப்பக்கம் ஒரு பள்ளம், காய்ந்த புல் மெத்தை, தலைக்கு மேல் ஒரு காட்டு மரம். ரோட்டிலிருந்து பார்த்தால் பாறை மட்டும் தெரியும். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் மோட்டாரில் எந்தப் பக்கம் வந்தாலும் அவர் கண்ணுக்குப் பாறையும் கொழுந்தும்தான். ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டினார்கள். நீட்டிய கால்களைப் பார்த்தேன். வெளுத்து, ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து. ஒருத்தி மற்றொருத்தியின் குதிகாலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்தாள். பத்து நிமிடம். சரிவில் நின்றபடி உடம்பு சம்பாதித்த வலியெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இறங்கும்.

"இதுக்குப் பேரு என்னா?" என்றேன்.

தைலம் தேய்த்தவள் சின்னம்மாவைப் பார்த்தாள். "புது ஆளுக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் பேரு சொல்றது. வாய் எப்புடின்னு பாத்துட்டு. இவங்க வந்து மூணு மணி நேரம்கூட ஆவல."

"எங்க அக்கா மவ," என்றாள் சின்னம்மா. "இவ அம்மா உக்காந்த எடம்தான அது, இப்ப நீ உக்காந்துருக்கியே, அது. நான் பொறுப்பு."

அப்படித்தான் எனக்கு அந்தப் பெயர் கிடைத்தது. கால்நீட்டி.

இறங்கும்போது சின்னம்மா, "மத்ததெல்லாம் எழுதிக்க புள்ள. துரை வழுக்குனத பெருசாவே எழுதிக்க. இத எழுதாத. இது போச்சுன்னா எங்களுக்குக் கால் போச்சு," என்றாள். சரி என்றேன். பாறையைத் தொட்டுச் சொல்லச் சொன்னாள், விளையாட்டாக. தொட்டுச் சொன்னேன். குளிர்ந்து கிடந்தது பாறை.

விண்ணப்பம் முடிய இரண்டு நாள் இருந்தபோது தோழி என் வரைவைப் படித்தாள்.

"பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மானியம் குடுக்கற பேனல்ல இருக்கறவன் இந்த இருபது எடத்துப் பேரையும் படிச்சிட்டு, அதனால என்னான்னு கேப்பான். உன் கண்டுபிடிப்பு எங்க டி?"

"அது இருக்கு. எழுதக் கூடாது."

"எழுதக் கூடாததுதான் ஆராய்ச்சியே. எழுது லா. பின்னிணைப்புல போடு, 'ரகசியம்'னு முத்திரை குத்து. பேனலைத் தாண்டிப் போவாது. நான் பாத்துக்கறேன்."

அன்று மாலையே எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மூன்று வருடத்துப் பசி எழுதியது. கண்காணிக்கப்படும் நிலத்துக்குள் கண் எட்டாத ஒரு நிலத்தைப் பெண்கள் செய்து வைத்திருப்பதை, அதன் பெயரை நம்பிக்கைக்கு அளந்து கொடுப்பதை, நீட்டிய கால்களை, தைலத்தின் வாசனையை எழுதினேன். எந்தக் காடு என்று எண்ணும் போட்டேன். ஆய்வென்றால் துல்லியம் வேண்டுமே. அதுவரை நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். இன்றும் அதுதான், அதுதான் கேவலம்.

தோழி படித்தாள். கண் கலங்கியது அவளுக்கு. அந்தக் கலக்கம் பொய்யில்லை என்று இப்போதும் நம்புகிறேன். "இதுக்கு இல்லன்னா எதுக்கும் இல்ல டி," என்றாள். விதிப்படி வெளியிலிருந்து ஒரு கூட்டாளி நிறுவனம் கையெழுத்திட வேண்டும். தனக்குத் தெரிந்த சுற்றுலா நிறுவனம் ஒன்று இருக்கிறது, வெறும் கடிதம்தான், நீ கவலைப்படாதே என்றாள். நான் கவலைப்படவில்லை.

பதில் வந்தது. பயன் தெளிவாக இல்லை.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கேண்டீனில் எனக்கு மீ கோரேங் வாங்கிக் கொடுத்து, பேனலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன்.

சில மாதங்கள் கழித்து, புலத்தின் மாதக் கூட்டம். தொழில்துறைப் பணத்தில் முதன்முதலாக ஒரு கலைப்புல ஆய்வு என்று டீன் பெருமையாக அறிவித்தார். கைதட்டினோம். என் தோழி எழுந்து போய் விளக்கை அணைக்கச் சொன்னாள். திரையில் ஒரு மலை. பச்சைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து ஏறியது. பாரம்பரிய நடைபாதை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெயர்: ஈரத்துணி, மாமியார் மேடு, துரை வழுக்கினது. அரங்கம் சிரித்தது. கோட்டின் உச்சியில் ஒரு நட்சத்திரக் குறி. அடுத்து, கட்டி முடித்த இடத்தின் படம்: மரப்பலகைத் தளம், சுற்றிலும் கைப்பிடி, பின்னணியில் அந்தப் பாறை. தளத்தின் வாசலில் மூன்று மொழியில் பலகை. கால்நீட்டி.

நான் கைதட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சுட்டது.

கூட்டம் முடிந்ததும் அவள் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன்.

"பேனலைத் தாண்டாதுன்னு சொன்ன."

"பார்ட்னருக்குக் காட்டாம பார்ட்னர் எப்புடி டி கையெழுத்துப் போடுவான்? ஃபைலை அனுப்பினேன். அவங்களுக்குப் புடிச்சுப்போச்சு. உன்னோடது விழுந்ததும் அவங்களே கூப்புட்டாங்க. வேணாம்னா வேற யுனிவர்சிட்டிக்குப் போவும். நம்ம கையிலயே இருக்கட்டும்னுதான்."

"நம்ம கையா?"

"நன்றியுரைல உன் பேரு இருக்கு. பாக்கலையா? ரெண்டாங்கட்டத்துல உன்னைய உள்ள எடுக்கறேன். ரெக்கார்டர், வகுப்புக் குறைப்பு, நீ கேட்டதெல்லாம்." பிறகு மெல்ல, ஏறக்குறைய அன்பாக, "எழுதினது நீதான டி," என்றாள்.

அந்த அன்புதான் குத்தியது. முகத்தில் வஞ்சகம் தெரிந்திருந்தால் கத்தியிருப்பேன். அவள் முகத்தில், மலைவளைவில் வாந்தியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஸ்டியரிங் பிடித்த அதே பெண் இருந்தாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ரெக்கார்டர் என்று அவள் சொன்னதும் ஒரு கணம், ஒரே கணம், எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்று என் மனம் போனது.

அந்த வார இறுதியில் மலை ஏறினேன். பஸ் நிலையத்துக்கு என்னை அழைக்க யாரும் வரவில்லை. டாக்சி பிடித்தேன்.

நடைபாதை நன்றாகவே இருந்தது. கியா பார்ம் சந்தையில் வாங்கிய ஸ்ட்ராபெரிப் பெட்டிகளோடு குடும்பங்கள் தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தன. பள்ளத்தின் மேலேயே தூண் நட்டுப் பலகை அடித்திருந்தார்கள். காட்டு மரம் காட்சியை மறைத்திருக்கும் போல, வெட்டிவிட்டார்கள். கீழே மூன்றாவது நிரையில் சின்னம்மா கத்திரியோடு நின்றிருந்தாள். தளத்திலிருந்து ஒருவர் தொலைவில் இருந்தே அவளைப் படம் எடுத்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை, நிமிரவும் இல்லை.

நான் இறங்கிப் போனேன்.

"வாங்க," என்றாள். என்னை அவள் வாங்க என்றதே கிடையாது.

"சின்னம்மா, நான் அத வெளிய..."

"ஒங்ககூட வேல பாக்குறவங்களே குடுத்துட்டாங்களாமே. மண்டோரு சொன்னாரு. எங்க பேருக்கெல்லாம் போர்டு வச்சிருக்காங்க, பெரும டா இதுன்னு." கத்திரி நிற்கவே இல்லை. "அவங்களுக்கு யாரு குடுத்தா?"

"நான்தான்."

தைலம் தேய்த்த பெண் அடுத்த நிரையிலிருந்து, யாரையும் பார்க்காமல், "மூணு மாசம்னு சும்மாவா வச்சாங்க," என்றாள்.

சின்னம்மா அவளை அதட்டவில்லை. பெயரைச் சொல்லச் சொன்ன அன்று, நான் பொறுப்பு என்றவள். அந்தப் பொறுப்பை இத்தனை நாளாக, இந்த ஐந்து பெண்களுக்கு நடுவில், எப்படிச் சுமந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் தோளைப் பார்த்தாலே தெரிந்தது.

"தளத்த எடுக்கச் சொல்லி எழுதுறேன்," என்றேன். "ரெண்டாங்கட்டத்துல சேரலன்னும் எழுதிட்டேன்."

"எழுதுங்க. எழுத்துதான் ஒங்களுக்கு நல்லா வருமே."

பனி ஏறியது. தளத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்றவர்கள் ஐயோ என்றார்கள், காட்சி போய்விட்டது. பத்து மணி சுமார் இருக்கும். கத்திரிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. பெண்கள் மூட்டையை இறக்கினார்கள். பாறைப் பக்கம் ஒருத்தியும் திரும்பவில்லை. எங்கோ வேறு இடம் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தேன், பழக்கத்தில்.

சின்னம்மா கையைக் காட்டினாள். அதட்டலில்லை, சிறு பிள்ளையை வாசலில் நிறுத்துவது போல.

"நீ இங்கனயே நில்லு புள்ள."

நின்றேன். அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கண் தேடப் பார்த்தது. பார்த்திருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் இடமாவது தெரிந்திருக்கும். தெரிந்தது என்றைக்காவது ஒரு பெட்டியில் விழும், என்னை எனக்குத் தெரியும். ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முதுகுக்குப் பின்னால் செடிகளை உரசிக்கொண்டு பூட்ஸ் சத்தம் கொஞ்ச தூரம் போனது. பிறகு அதுவும் இல்லை. பத்து நிமிடம். என் கால் வலித்தது. உட்காரவில்லை.