நல்ல தண்ணிக்கு வந்த தாக்கம்

நான் வேலை செய்கிற நிலையத்தின் பெயரில் சமூகம், தாக்கம், தலைமைத்துவம் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குள் ஒரு மூலையில் அது இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டடத்தை விட அகலம். அங்கே நான் தற்காலிக விரிவுரையாளர். எனக்கு மேலே ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர். அவரை மேடம் என்போம். எதைக் கண்டாலும் படம் பிடிப்பார். அவருக்கு மேலே பணிப்பாளர். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு எங்களைத் திருத்த வந்தவர். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்க நினைத்தேன். வேண்டாம், அது பொய்.

நான் புங்குடுதீவில் பிறந்தவள். அதனால் தீவுப்பக்கம் நிலையத்தின் வான் வண்டி போகும்போதெல்லாம் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள். பாதை காட்டுவதற்கு இல்லை. கடலுக்கு நடுவால் போகிற தாம்போதியில் தவறவிட ஒரு முடக்கும் கிடையாது. "இவா அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவா" என்று வருகிறவர்களிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

எங்கள் தீவின் மடத்துவெளியில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு இருக்கிறது. நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். சுற்றியுள்ள மற்றக் கிணறுகள் எல்லாம் சவர்; குளிக்கலாம், குடிக்க ஏலாது. இந்தக் கிணறும் பாவிப்பார் இல்லாமல் குப்பை மூடிக் கிடந்தது. அயலிலே மிச்சமிருந்த பெண்கள் சேர்ந்து இறைத்து, சேறு அள்ளி, கிணற்றுக் கட்டைப் பூசி, கப்பி போட்டார்கள். எங்கள் நிலையம் அப்போது அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

மாதர் சங்கத்தின் செயலாளர் ஒரு அக்கா. வாய்க்காரி. அவரும் அயல் வீடுகளும் குடிப்பது இந்தக் கிணற்றில்தான். இது போனால் பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் வரும்வரை குடங்களோடு ரோட்டில் நிற்க வேண்டும். ஆகவே சங்கத்தில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: வாளியால் அள்ளலாம், மோட்டர் வைக்கக் கூடாது. தீவுக் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே நிற்கிறது, அதற்குக் கீழே கடல் நிற்கிறது. ஆறுதலாக எடுத்தால் ஊறும். அடித்து இறைத்தால் கடல் ஏறி வரும். இது ஒன்றும் ஊர் இரகசியம் இல்லை. எங்கள் நிலையத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி இதையே படம் கீறிப் படிப்பிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அந்த இரண்டு கட்டடத்தையும் தாண்டியதில்லை.

அந்தப் பெண்களுக்கு நாங்கள் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தோம். தாங்களாகவே ஒரு கிணற்றை மீட்டெடுத்த பெண்களுக்கு. கலர் கலராகக் கடதாசித் துண்டுகள் கொடுத்து, கனவை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னோம். கடைசி நாள் மேடம் முன்னுக்கு நின்று கேட்டார்.

"இந்த நிகழ்ச்சித்திட்டத்தால உங்களுக்கு ஏற்பட்ட தாக்கம் என்ன?"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் தாக்கம் என்றால் புயலின் தாக்கம், வறட்சியின் தாக்கம், நோயின் தாக்கம். யாராவது வந்து தாக்கம் கேட்டால் கூரை பறந்தவர்கள்தான் கையை உயர்த்துவார்கள்.

அக்கா எழும்பினார். "இதுவரைக்கும் ஒரு தாக்கமும் இல்லை மிஸ். கடவுள் புண்ணியம்."

"எனக்கு நாரி நோகுது," என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அது உந்தக் கதிரையின்ர தாக்கம்."

சபை முழுக்கச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. ‘தாக்கம் இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது வானுக்குள் சொன்னேன். "மேடம், அவை உங்களுக்கு மரியாதையாத்தான் சொன்னவை. எங்களுக்கு ஒரு கெடுதலும் வரேல்லை எண்டுதான் அதுக்குக் கருத்து."

"அப்ப தாக்கம் எண்டா என்னெண்டு அவைக்கு முதல்ல படிப்பிக்க வேணும்," என்றார் மேடம், போனில் இருந்து கண்ணை எடுக்காமல்.

அடுத்த கூட்டத்தில் பணிப்பாளருக்கு முகம் கறுத்துவிட்டது. உதவி தருகிற வெளிநாட்டுக்காரர் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் தாக்கம் இல்லை என்று அனுப்பலாமா? "கண்ணால காணக்கூடிய ஒண்டு வேணும்," என்றார். மேடம் உடனே சொன்னார், கிணறு. வாளியால் அள்ளுகிறார்கள், பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஒரு மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் பைப்பும் வைத்தால் மோட்டருக்கு முன், மோட்டருக்குப் பின் என்று இரண்டு படம் போடலாம்.

"மோட்டர் வைச்சா உப்பாகும் சேர்," என்றேன்.

"நீர் எப்பவும் ஏலாது எண்டுதான் தொடங்குவீர். தலைமைத்துவம் எண்டது ஏலும் எண்டு தொடங்கிறது."

"தண்ணிக்குத் தலைமைத்துவம் விளங்காது சேர்."

பணிப்பாளர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

ஊரிலே எல்லாரும் எதிர்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நாரி நோகிறது என்றவள் சங்கக் கூட்டத்தில் முதல் ஆளாக மோட்டருக்குக் கை தூக்கினாள். இன்னும் பலர் தூக்கினார்கள். கப்பியில் இழுத்து இழுத்துத் தோள்மூட்டு தேய்ந்தவர்கள் அவர்கள். ஆனாலும் எனக்கு அவர்கள் மேலும் ஆத்திரம் வந்தது, அதை மறைக்கவில்லை. அக்கா தோற்றுப் போனார். தோற்ற இடத்திலும் ஒரு நிபந்தனை வாங்கினார்: காலையில் கொஞ்ச நேரம், பின்னேரம் கொஞ்ச நேரம், நடுவில் கிணறு ஆற வேண்டும். பணிப்பாளர் எல்லாருக்கும் முன்னால் "ஓம்" என்றார்.

மோட்டரும் தாங்கியும் பைப்பும் பூட்டினார்கள். வெளிநாட்டுக்காரர் வருகிற நாள் வந்தது. கொளுத்துகிற வெயில் காலம். அவர்களைப் பணிப்பாளர் முதலில் படகில் நயினாதீவுக்குக் கூட்டிப் போனார். மேடமும் நானும் விடியவே கிணற்றடிக்கு வந்துவிட்டோம். மேடம் போனை நீட்டிப் பார்த்தார். நிலம் காய்ந்து கிடக்கிறதாம். படத்தில் பாலைவனம் மாதிரி வருகிறதாம். மோட்டரைப் போடச் சொல்லி, குழாயைப் பிடித்து, முதல் நாள் நட்டு வைத்த பூக்கன்றுகளுக்கும் அதைச் சுற்றியிருந்த வெறும் மணலுக்கும் தண்ணீர் அடித்தார். குடிக்கிற தண்ணீரை. மணல் பச்சையாக வேண்டுமாம்.

அக்கா வந்து மோட்டரை நிற்பாட்டினார். மேடம் போட்டார். அக்கா திரும்ப நிற்பாட்டினார்.

"அக்கா, இண்டைக்கு ஒரு நாள் மட்டும்."

"மிஸ், உங்களுக்கு ஒரு நாள். கிணத்துக்கு அது ஒரு வருசம்."

"அவை வரேக்க பைப்பில தண்ணி நிக்கக் கூடாது."

"நிண்டால் என்ன? அவை விடாய்ச்சே வருகினம்? கையில போத்திலோடதானே வருவினம்."

நான் போய் வயரைக் கழற்றினேன். மேடம் பணிப்பாளருக்குப் போன் பண்ணி என் காதில் வைத்தார். படகில் சனம் அதிகம், வரப் பிந்தும், அதுவரைக்கும் தண்ணீர் ஓட வேண்டும், நான் குழப்பினால் வானுக்குள் போய் இருக்கலாம் என்றார் பணிப்பாளர். மேடம் சாரதியை விட்டு வயரைத் திரும்பக் கொழுவச் செய்தார். நான் வானுக்குள் போகவில்லை. அக்காவோடு வெயிலில் நின்று மோட்டர் இரைகிறதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் கழியும் மட்டும் இரைந்தது.

அவர்கள் வந்தார்கள். ரிபன் வெட்டினார்கள். ஒருவர் பைப்பைத் திறந்து காலில் ஒட்டியிருந்த மணலைக் கழுவினார். அதையும் மேடம் படம் எடுத்தார். வானில் ஏறும்போது எங்கள் ஆட்கள் "போட்டு வாறம்" என்றார்கள். "சந்தோசம்," என்றார் அக்கா. வாருங்கோ என்று சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்துக் கருத்துக் கேட்கப் போனோம், மேடமும் நானும். இந்த முறை மேடம் ‘தாக்கம்’ என்பதை ‘நன்மை’ என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். மேடம் ஒரு வாய் குடித்து, கோப்பைக்குள் பார்த்தார்.

"சீனி காணாது போல அக்கா."

"சீனி போட்டனான் மிஸ். உப்புத்தான் நான் போடேல்லை. அது உங்கட மோட்டர் போட்டது."

மேடம் கோப்பையைக் கீழே வைத்தார். நானும் குடித்துப் பார்த்தேன். நாக்கில் கரித்தது. நாரி நோகிறவள் வாசலில் நின்றாள். அவளைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரவில்லை. வந்த ஆத்திரம் எல்லாம் கதிரையில் இருந்த மேடத்துக்கே போதாமல் இருந்தது.

"அண்டைக்குத் தாக்கம் கேட்டனீங்கள்," என்றார் அக்கா. "இப்ப இருக்குது. எழுதுங்கோ."

மேடம் எழுதவில்லை. கடதாசியை மடித்துக்கொண்டு வானுக்குள் ஏறினார். சமூகம் தானே வாக்கெடுத்து முடிவெடுத்தது, அதை மறக்கக் கூடாது என்றார். நான் ஏசினேன். என்ன ஏசினேன் என்பதை இங்கே எழுத ஏலாது. வேலணை தாண்டும்வரை ஏசினேன். சாரதி றேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டான்.

மோட்டரைப் பெண்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். கப்பி திரும்ப ஏறியது. ஆனால் அள்ளுகிற தண்ணீர் சவர். மாரி பெய்தால் நல்ல தண்ணீர் திரும்பலாம், திரும்பாமலும் விடலாம். நிலையத்தின் வாசலில் புதிதாக ஒரு பெரிய படம் தொங்குகிறது. பைப்பில் தண்ணீர் பாய்கிறது, சுற்றி நின்று பெண்கள் சிரிக்கிறார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவரை ஓரத்தில் பாதியாக வெட்டியிருக்கிறார்கள்.

நேற்றும் அவருக்குப் போன் எடுத்தேன்.

"தண்ணி எப்படி அக்கா?"

"கரிக்குது பிள்ளை. பவுசரும் இண்டைக்கு வரேல்லை."

"நான் சனிக்கிழமை வாறன்."

"வாரும். உங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராதையும். பஸ்ஸில வாரும்." பிறகு சொன்னார்: "வரேக்க ஒரு கான் நல்ல தண்ணி கொண்டு வாரும். உமக்குத் தேத்தண்ணி வைக்க வேணுமெல்லே."